சொல் அறிவோம்: அமர்த்தியது யார்?



சங்கக் கூட்டம் முடிஞ்சதும் குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுகிறோம்: ‘இன்னார் தலைவர் பதவியில் அமர்த்தப்பட்டார்.’ வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அமர்த்தியது யார் என்று கேட்டால் அந்த வரியில் பதில் இல்லை.

அமர்தல் என்றால் ஒருவர் தானாக உட்காருவது. அமர்த்துதல் என்றால் இன்னொருவர் உட்கார வைப்பது. வேலைக்கு ஆள் அமர்த்துவதும், பதவியில் அமர்த்துவதும் ஒரே சொல்தான். ஆகவே இதற்கு எப்போதும் இரண்டு தரப்பு வேண்டும். ‘அமர்த்தப்பட்டார்’ என்று எழுதும்போது உட்கார வைத்தவர் மறைந்துபோகிறார்.

உட்கார வைத்தது யார் என்பதைப் பொறுத்துச் சொல்லும் மாறும். நாமே வாக்குப் போட்டால் தெரிவு செய்தல். மேலே அதிகாரம் உள்ளவர் போட்டால் நியமித்தல். எப்படி வந்தாலும் அவர் பொறுப்பைக் கையில் எடுப்பது பதவியேற்றல்.

சௌமியமூர்த்தி தொண்டமானை எடுத்துக்கொள்வோம். 1947 இல் நுவரெலியா மக்கள் அவரைப் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவு செய்தார்கள். 1948 இல் வந்த குடியுரிமைச் சட்டத்தாலும் அதன் பின் வந்த சட்டங்களாலும் நம்மவர்களில் பெரும்பாலானோர் வாக்கை இழந்தார்கள். 1960 இல் அவர் அதே சபைக்குப் போனது நியமன உறுப்பினராக. ஆள் ஒருவர்தான், சபையும் ஒன்றுதான். முதலில் உட்கார வைத்தது நம் தாத்தா பாட்டிமாரின் வாக்கு, பிறகு அரசாங்கம். 1977 இல் மறுபடி தெரிவானார், 1978 இல் அமைச்சராகப் பதவியேற்றார்.

இது பெரிய இடத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். சில வருசங்களுக்கு முன் ஒரு மரண உதவிச் சங்கத்துக்குப் புதுப் பொருளாளர் வந்தார். அங்கத்தவர்கள் கை தூக்கித்தான் அவரைத் தெரிவு செய்தார்கள். வங்கிக்குக் கொடுத்த பிரதியிலோ ‘நியமிக்கப்பட்டார்’ என்று இருந்தது. எழுதிக் கொடுத்தது நாங்கள்தான். ‘நியமனக் கடிதம் எங்கே?’ என்று வங்கியில் கேட்டார்கள். இல்லாத கடிதத்துக்கு எங்கே போவது? திரும்பக் கூட்டம் கூட்டி, திரும்ப எழுதிக் கொடுக்கும் வரைக்கும் காசு எடுக்க முடியவில்லை. அதற்கிடையில் லயத்தில் ஒரு சாவு. அந்தக் குடும்பம் பெட்டி வாங்கக் கடன் பட்டது.

ஆகவே இப்படி எழுதுங்கள்: ‘இன்ன திகதி நடந்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தவர்கள் கை உயர்த்தி இன்னாரைப் பொருளாளராகத் தெரிவு செய்தார்கள்.’ எத்தனை பேர் வந்திருந்தார்கள் என்பதையும் போட்டு, அவர்களிடம் கையொப்பம் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் வங்கிக்குப் போகுமுன் புத்தகத்தை எங்களிடம் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.