பௌர்ணமிக் கூட்டத்தை நம்பாதீர்கள்

பொது சுகாதாரம் படித்துவிட்டுத் திருவண்ணாமலைக்கு வேலைக்கு வருகிறவருக்கு முதலில் உதிக்கும் யோசனை பெரும்பாலும் இதுதான்: பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் மேசை போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் பிரஷர் பார்த்துவிடலாம். லட்சக்கணக்கில் வருகிறார்களே! அறிக்கையில் எண்ணிக்கை அழகாக இருக்கும், அவ்வளவுதான். நடந்து வந்தவரை ஐந்து நிமிடமாவது உட்காரவைக்காமல் எடுத்த அளவை நம்ப முடியாது. அதிகம் என்றே தெரிந்தாலும், விடிவதற்குள் அவர் சென்னை பஸ்ஸில் ஏறியிருப்பார்.

எங்கே தொடங்குவது என்பதை ஆய்வு சொல்லும். அதை எப்படிப் படிப்பது? 2020-இல் தமிழ்நாட்டில் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம். எல்லோரும் ஸ்லைடில் போடுவது இதைத்தான். உங்களுக்கு வேலை இருப்பது அடுத்த வரியில்: அவர்களில் பாதிப் பேருக்கு மேல் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது, கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் கைவைத்தது அந்த ஓட்டையில்தான். உள்ளூர்ப் பெண் தன்னார்வலர் வீட்டுக்கே போய்ப் பரிசோதிக்கிறார், மாத்திரை கொடுக்கிறார்.

அந்தத் திட்டத்தை அப்படியே நகலெடுத்தால் திருவண்ணாமலையில் இடறும். வீடே இல்லாத சாதுவுக்கு எந்த வாசலில் மாத்திரை கொடுப்பது? தினமும் அவர் சாப்பிட வரும் அன்னதான வரிசைதான் அவர் முகவரி. பூக்கடைக்காரர், டீக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர் என்று முப்பது நாளும் இங்கேயே இருப்பவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

சுகர்காரர்களின் பாதம் இன்னொரு சங்கடம். உணர்ச்சி குறைந்த காலோடு வெறுங்காலில் நடக்கக்கூடாது என்கிறது மருத்துவம்; 14 கிலோமீட்டரையும் வெறுங்காலில் நடந்தால்தான் கிரிவலம் என்கிறார் சுகர் உள்ள அம்மா. சுவரொட்டி இதைத் தீர்க்காது. பௌர்ணமிக்கு ஒரு வாரம் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையால் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். உணர்ச்சி போனவரிடம் டாக்டரே நேரில் பேசட்டும். மற்றவர்களிடம், “நடந்து வந்ததும் காலைக் கழுவி, உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கம்மா” என்றால் போதும். அந்த வாக்கியத்தையும் முதலில் ஒரு பூக்கார அம்மாவிடம் சொல்லிப் பார்த்துவிடுங்கள். அவர் சிரித்தால் மாற்றுங்கள்.

எத்தனை பேருக்குப் பார்த்தோம் என்று எண்ணாதீர்கள். மூன்றாம் மாதம் எத்தனை பேர் 140/90-க்குக் கீழே இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

வட்டார மருத்துவ அலுவலரைப் பார்க்கப் போகும்போது ஒரே ஒரு தாள் போதும்: யாருக்கு, எந்த நாளில், எந்த இடத்தில், மாத்திரை வாங்க வராதவரைத் தேடிப் போவது யார். அந்தத் தாளின் கடைசிக் கட்டத்தில் எழுத ஒரு பெயர் கிடைக்கும்வரை சந்திப்பைத் தள்ளிப்போடுங்கள்.