சிறுநீர்வழி ஒடுக்கம்: கீறலோ, குழாயோ, சீரமைப்போ?

நோயை மறைத்துவைத்தல் நம்மவர் இயல்பு. சிறுநீர்வழியைப் பற்றிய நோயாயின் அம்மறைப்பு இன்னும் கடிதாகின்றது. ஆதலின் மாணவரும் பழைய மாணவரும் அறிந்திருத்தற்பொருட்டு இப்பாடம் எழுதப்படுகின்றது.

சலப்பையினின்றும் நீர் வெளிவரும் குழாயின் உட்சுவர் காயமுற்று ஆறுங்கால், அவ்விடத்தில் தழும்பு உண்டாகின்றது. சுருங்குதல் தழும்பின் இயல்பு. சுருங்கவே வழி குறுகும். துவிச்சக்கர வண்டியின் குறுக்குச் சட்டத்திற் கவைபட வீழ்தல், இடுப்பெலும்பு முறிவு, கதீற்றர் இட்டதால் நேர்ந்த புண், மேகநோய் முதலியன இதன் காரணங்கள். நீர்த்தாரை மெலிதல், முக்கிக் கழித்தல், அடிக்கடி கிருமி தொற்றுதல் என்பன குறிகள். கவனியாது விடின் நீரடைப்பும், நாளடைவிற் சிறுநீரகக் கேடும் நேரலாம்.

குறுகியதை விரித்தல் பழைய முறை. முன்தோல் இறுகி நீர் தடைப்பட்டவிடத்து, நெய் பூசிய குழாயைச் செலுத்திப் படிப்படியாகப் பருமன் கூட்டுமாறு சுசுருத சங்கிதை கூறுகின்றது. இக்காலத்தார் உள்நோக்கிக் கருவியாற் பார்த்துக்கொண்டே தழும்பைக் கீறுவர். சிறிய ஒடுக்கத்திற்கு முதன்முறை இது தகும். ஆனாற் கீறலும் ஒரு காயமே. அதுவும் ஆறித் தழும்பாகின்றது. 1990களில் தென்னாபிரிக்காவில் நடந்த ஆய்வொன்றில், 2 சென்ரிமீற்றருக்குக் குறைந்த ஒடுக்கங்களில் ஓராண்டில் ஏறத்தாழ நூற்றுக்கு 40உம், 4 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டவற்றில் நூற்றுக்கு 80உம் மீண்டும் தோன்றின. கீறக்கீறப் பயன் குன்றும் என்பது இதனாற் பெறப்படும்.

இதனைத் தவிர்க்க, வழியைத் திறந்தே வைத்திருக்கும் உலோக வலைக்குழாயாகிய ஸ்ரென்ற் எண்ணப்பட்டது. லண்டனில் மில்றோய் என்பாரும் துணைவரும் 1988இல் இதன் பயனை வெளியிட்டனர். முதலில் நம்பிக்கை தந்ததாயினும், வலைக்கண்ணூடே தசை வளர்ந்து மீண்டும் அடைத்தது, வலியும் தந்தது, அகற்றுதலும் பெரும்பாடாயிற்று. யூரோலூம் என்னும் அந்நிரந்தரக் குழாய் பின்னர் விற்பனையினின்றும் நீங்கியது. கழற்றத்தக்க குழாய்கள், பெரிய சத்திரசிகிச்சையைத் தாங்கமாட்டாதார் சிலருக்கு இன்றும் உதவுவன.

மீண்டும் மீண்டும் வரும் ஒடுக்கத்திற்கு உறுதியான வழி சீரமைப்பே. குறுகிய தழும்பாயின் அதனை அறுத்தெடுத்து இரு முனைகளையும் இணைப்பர். நீண்டதாயின் உட்கன்னத்து மென்தோலை எடுத்து ஒட்டுவர். எப்போதும் ஈரத்திற் பழகிய தோலாதலின் அது அவ்விடத்திற்கு இசையும். நீண்ட ஒடுக்கத்தைக் குழாயின் ஒருபக்கத்தை மட்டும் பிரித்துத் திருத்தும் முறையைப் பூனா நகரத்துச் சஞ்சய் குல்கர்னி வகுத்துப் பரப்பினார்.

ஈண்டு நம்மவர் கருதற்பாலது ஒன்றுண்டு. வெற்றிலை, பாக்கு, புகையிலை ஆகியவற்றை நெடுங்காலம் மென்றோர் வாயின் உட்டோல் தடித்து இறுகிப்போமாயின், ஒட்டுதற்கு நல்ல தோல் கிடைத்தல் அரிது. வாயைக் காத்தவன் தன் பிற்கால மருந்தையும் காத்தவனாவான்.

இவற்றைத் தமிழிற் சொல்ல நாணுவதற்கு இடமில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் கிறீன், மானிப்பாயிலிருந்து தமிழிலே வைத்தியம் கற்பித்து, 'இரண வைத்தியம்' என்னும் நூலையும் 1867இல் வெளிப்படுத்தினார். நம் மொழிக்குக் கூடியது நம் நாவிற்குக் கூடாதோ? ஒடுக்கம் மீண்டதெனக் கண்டவர் மூன்றாம், நான்காம் கீறலுக்கு உடன்படுமுன், சீரமைப்பில் தேர்ந்த நிபுணர் ஒருவரைக் கண்டு, "என் ஒடுக்கம் எவ்வளவு நீளம்? எவ்விடத்தது? சீரமைப்புக்கு ஏற்றதா?" என மூன்று வினாக்களை வினாவுக. நாணம் விடுத்து வினாவுதலே நோய் தீர்தற்கு முதற்படி.