பள்ளியில் வாசிப்பு: எந்த வழி உங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்தும்?

ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் வேண்டும், அதில் கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். ஆனால் பீரோவில் புத்தகம் இருப்பதாலேயே பிள்ளைகள் வாசித்துவிடுவதில்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் முதலாவதே, புத்தகம் பயன்படுத்துவதற்குத்தான் என்பது.

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் பக்கத்துப் பள்ளிகள் கைக்கொள்ளக்கூடிய வழிகள் நான்கு. எதைத் தேர்ந்தெடுப்பதானாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். புத்தகத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கிறதா? அது வீட்டுக்குப் போகிறதா? படித்ததைப் பற்றிப் பேச ஆள் உண்டா?

1. லைப்ரரி பீரியட்

பள்ளியின் எல்லாப் பிள்ளைகளையும் எட்டும் வழி இது ஒன்றுதான். தனிச் செலவும் இல்லை. குறை என்னவென்றால், தேர்வு நெருங்கினால் கணக்குக்கோ அறிவியலுக்கோ முதலில் பறிபோவது இந்தப் பாடவேளைதான். நாற்பது நிமிடம் கிடைத்தால் முதல் பத்து நிமிடம் ஆசிரியர் உரக்க வாசிக்கட்டும். அடுத்த இருபது பிள்ளைகளின் மௌன வாசிப்புக்கு. மீதியைப் பேச்சுக்கும் புத்தகம் மாற்றிக்கொள்வதற்கும் விடுங்கள். நூலகர் இருக்கும் பெரிய பள்ளிகளுக்கு இது ஏற்றது.

2. வகுப்பறைப் புத்தக மூலை

சுவரோரம் ஒரு கயிறு, அதில் தொங்கும் முப்பது நாற்பது மெல்லிய புத்தகங்கள் போதும். எழுத்து வேலையை முடித்த பிள்ளை தானாகவே போய் எடுக்கும். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறது. வீட்டில் தெலுங்கோ இந்தியோ பேசும் பிள்ளையும், ஆங்கில வழியில் படித்துத் தமிழில் தடுமாறும் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்காரும் நம் புறநகர்ப் பள்ளிகளுக்கு இந்தப் பிரிப்பு மிகவும் உதவும். துளிகா, புக்ஸ் ஃபார் சில்ரன், நேஷனல் புக் டிரஸ்ட் நூல்களையும் சேர்க்கலாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகளை இலவசமாக எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். புத்தகங்கள் கிழியும், சில காணாமலும் போகும். அதற்குப் பயந்து பூட்டிவைப்பதைவிட ஆண்டுதோறும் கொஞ்சம் புதிதாக வாங்குவதே மேல். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை இதற்கு இணையான வழி இல்லை.

3. வாசிப்பு வட்டம்

எட்டுப் பத்துப் பிள்ளைகள், ஒரே புத்தகம், வாரம் ஒரு நாள் பேச்சு. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்றது. பள்ளி விட்டதும் வேனும் டியூஷனும் காத்திருப்பதால் மாலை வட்டம் பாதியில் கரைந்துவிடும்; மதிய உணவு இடைவேளையே உகந்தது. எதைப் பேசுவது என்று திகைக்க வேண்டாம். எய்டன் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் காட்டிய வழி எளியது: எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எது புரியவில்லை, திரும்பத் திரும்ப வருவது எது என்று கேட்டால் போதும். ஆசிரியர் தன் கருத்தைக் கடைசியில் சொல்லட்டும். முழு நாவலுக்கு நேரமில்லை என்றால் துளிர், தேன்சிட்டு இதழ்களின் ஒரு கட்டுரையே போதும். வட்டத்துக்கு வெளியே நிற்கும் பிள்ளைகளை இது எட்டாது. அதுதான் இதன் குறை.

4. கிளை நூலகம்

சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், ரூபாய்க்குப் பத்துப் பைசா. ஆகவே அந்த நூலகம் நம்முடையது. வார விடுமுறை வழக்கமாக வெள்ளிக்கிழமை என்பதால் ஞாயிறன்று பிள்ளையோடு போகலாம். உறுப்பினர் படிவங்களைப் பள்ளியே மொத்தமாக வாங்கி நிரப்பிக் கொடுத்தால் பெற்றோரின் தயக்கம் பாதி குறையும். கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. கிண்டிவரை மின்சார ரயிலில் போய்ப் பேருந்து பிடிக்கலாம். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை போகும் சுற்றுலா ஆசையைத்தான் தூண்டும். பழக்கத்தை வளர்ப்பது வீட்டுக்கு அருகே உள்ள கிளை நூலகமே.

எதைத் தேர்ந்தெடுப்பது?

தொடக்கப் பள்ளி என்றால் புத்தக மூலை. நடுநிலை, உயர்நிலை என்றால் வாசிப்பு வட்டம். ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் கிடைக்காவிட்டால், ஒழுங்காக நடக்கும் லைப்ரரி பீரியட். பெற்றோருக்கு என் பரிந்துரை, பள்ளி எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், கிளை நூலக உறுப்பினர் அட்டை.

நான்கையும் ஒன்றாகத் தொடங்கி ஆடி மாதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஒன்றை எடுத்து ஆண்டு முழுவதும் நடத்துங்கள். எந்த வழியானாலும் வாசிப்புக்கு மதிப்பெண் போடாதீர்கள், சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள். படித்த பிள்ளையிடம் கதையைக் கேளுங்கள். அது சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள்.