வெங்காயச் செய்கையிற் கடற்பாசிச் சாறு

யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதிகளிற் கரையொதுங்கும் சாதாளையை அள்ளித் தென்னையின் அடியிற் புதைப்பது நெடுங்கால வழக்கமாகும். கடல் தரும் பொருள் பயிருக்கு உதவும் என்பது ஆகவே நம் கமக்காரருக்குப் புதிய செய்தியன்று. பிரான்சு தேசத்தின் பிறிற்றனிக் கரையிலும், யேர்சித் தீவின் உருளைக்கிழங்குத் தோட்டங்களிலும் இதே வழக்கம் உண்டு. புதியது யாதெனில், பாசியை அப்படியே மண்ணிலிடாது, அதனைச் சாறாக்கி இலைமேல் தெளிக்கும் முறையே. 1940 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் மில்ற்றன் என்னும் இரசாயன அறிஞர் பாசியைக் காரத்துடன் சூடாக்கிக் கரைசலாக்கும் முறையை வகுத்தார். இன்று போத்தல்களில் விற்கப்படும் சாறுகள் பலவும் வட அத்திலாந்திக்குக் கடலிற் பாறைகளைப் பற்றி வளரும் கபிலநிறப் பாசியிலிருந்து பெறப்படுவன. இந்தியாவின் மண்டபம் கடற்பகுதியிலும், நம் நாட்டின் வடகரையில் வலைப்பாடு முதலிய இடங்களிலும் வளர்க்கப்படும் கப்பாபைக்கசு என்னும் செந்நிறப் பாசியைப் பச்சையாக நசுக்கியும் சாறு எடுக்கலாம்.

சாறு பசளையாகுமா?

ஆகாது. இத்துண்டுப் பிரசுரத்தில் வேறெதனை மறந்தாலும் இதனைக் கமக்காரர் மறத்தலாகாது. ஒரு பரப்பு வெங்காயத்துக்கு ஒருமுறை தெளிக்க ஏறக்குறைய 12 லீற்றர் கரைசல் போதும். லீற்றருக்கு 3 மில்லிலீற்றர் வீதம் மூன்று முறை தெளித்தாற் செலவாகும் சாறு சுமார் 100 மில்லிலீற்றர். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசன் உண்டென்றே வைத்துக்கொண்டாலும், பயிருக்குக் கிடைப்பது ஒரு கிராம் மட்டுமே. ஒரு கிலோகிராம் யூரியாவிலோ 460 கிராம் நைதரசன் உண்டு. பாசிச் சாற்றிற் பொற்றாசியம் சற்றே மிகுதியாயினும், தெளிக்கும் அளவு சிறிதாகையால் அதுவும் கணக்கில் வராது.

2021 ஆம் ஆண்டு மே மாதம் இந்நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவெம்பரிற் தடை நீக்கப்பட்டது. அதனையடுத்த காலபோகத்தில் நெல் விளைவு பெரிதும் வீழ்ந்தமையை யாவரும் அறிவர். ஊட்டச்சத்தின் இடத்தைத் திரவம் நிரப்பும் என நம்பினால் வெங்காயத் தோட்டத்திலும் அதுவே நேரும். வெங்காயத்தின் வேர் குட்டையானது, கிளையும் குறைவு. மேல்மண்ணிற் சத்தில்லையெனின் அதனாற் தேடிச் சென்று பெற இயலாது. ஆகையால் மாட்டெரு, ஆட்டுப்பட்டி, பூவரசங் குழை, மண் பரிசோதனைப்படி இடவேண்டிய பசளை ஆகிய எவற்றையும் சாற்றை நம்பிக் குறைத்தல் கூடாது.

பின் சாற்றின் பயன் யாது?

பாசியில் ஒட்சின், சைற்றோகைனின் போன்ற வளர்ச்சிப் பொருள்களும், பெற்றயின் என்னும் பொருளும், மனிற்றோல் என்னும் வெல்லமும், பலவகை மாச்சத்துக்களும் உள. இவை மிகச் சிறிய அளவிலேயே பயிரின் செயலைத் தூண்டுவன. வேர் விரைந்து பரவுதல், இலையின் பச்சை நிலைத்தல், வெயிலையும் நீர்க்குறைவையும் ஓரளவு தாங்குதல் என்பன பல நாட்டு ஆராய்ச்சிகளிற் காணப்பட்ட பயன்கள். உணவுக்குப் பின் உண்ணும் மருந்து போன்றது இது; உணவன்று.

சிறிய அளவில் தூண்டும் பொருள் பெரிய அளவில் தடுக்கவும் கூடும். இந்தியாவிற் கப்பாபைக்கசுச் சாற்றைக் கொண்டு நடத்திய பரிசோதனைகளிற் தக்காளிக்கு 5 வீதக் கரைசலும், சோயா அவரைக்கு 15 வீதக் கரைசலும் சிறந்த பலன் தந்தன. ஒரு பயிருக்கு உரிய அளவு மற்றொன்றுக்கு ஆகாதென்பது இதனால் விளங்கும். போத்தலிற் குறித்த அளவுக்கு மேல் ஊற்றுவது பணத்தை வீணாக்குவதோடு பயிரையும் கெடுக்கும்.

தெளிக்கும் காலம்

வெங்காயக் குமிழின் ஒவ்வோர் அடுக்கும் ஓர் இலையின் அடியே. குமிழ் திரளத் தொடங்கும் வேளையில் எத்தனை நல்ல இலைகள் நிற்கின்றனவோ, அதனைப் பொறுத்தே குமிழின் பருமன் அமையும். எனவே சாற்றினாற் பயன் பெறவேண்டின் இலை வளரும் பருவத்திலேயே தெளிக்க வேண்டும். சுமார் 65 முதல் 75 நாளில் விளையும் சின்ன வெங்காயத்துக்கு நட்ட 15 ஆம் நாள், 28 ஆம் நாள், 40 ஆம் நாள் ஆகிய மூன்று தெளிப்புக்கள் போதுமானவை. அதன்பின் தெளிப்பது வேண்டியதில்லை. குமிழ் திரளும்போது இலை வளர்ச்சியைத் தூண்டினாற் கழுத்துத் தடித்து, முதிர்ச்சி பிந்தி, பிடியாகக் கட்டித் தொங்கவிட்ட பின் அழுகல் மிகும்.

வெங்காய இலை மெழுகு பூசியது போன்றது. சாதாரணமாகத் தெளித்த நீர் மணிமணியாய் உருண்டு கீழே விழும். ஆகையால் ஒட்டுந் திரவம் சிறிது சேர்த்து, நுண்ணிய துளையுள்ள குழாய்முனையாற் காலையிலோ மாலையிலோ தெளிக்க வேண்டும். காரத்தால் எடுத்த சாற்றைப் பூச்சிநாசினியுடனோ பூஞ்சணநாசினியுடனோ ஒரே தாங்கியிற் கலத்தல் நன்றன்று. காரத்திற் சில மருந்துகள் சிதைந்துவிடும். இலை முறுகும் நோயோ ஊதாப் புள்ளியோ கண்ட தோட்டத்தில் சாறு தெளித்துக் காத்திருப்பது காலத்தை இழப்பதாகும். அவற்றுக்குரிய சிகிச்சை வேறு.

கரையிற் கிடைக்கும் பாசி

பணங் கொடுத்துச் சாறு வாங்குவானேன், கரையிற் கிடப்பதை ஊறவைத்தாற் போதாதோ எனச் சிலர் வினவுவர். கரையிற் கிடக்கும் சாதாளையை முதலிற் கூர்ந்து பார்த்தல் வேண்டும். நாடா போன்ற இலையும் வேரும் உடையது கடற்புல். அது பூக்கும் தாவர இனம். வேரின்றி வழுவழுப்பாய், கபில நிறமாயோ சிவப்பாயோ இருப்பதே பாசி. கடற்புல்லைக் கூட்டெருவுக்கு இடலாம். சாற்றுக்கு அது ஏற்றதன்று.

இரண்டாவது இடர் உப்பு. பயிர்களுள் உப்புக்கு மிக எளிதில் அஞ்சுவனவற்றுள் வெங்காயம் ஒன்று. மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.2 தெசிசீமன்சைத் தாண்டும்போதே அதன் விளைவு குறையத் தொடங்கும். தென்னையோ உப்பைப் பெரிதும் தாங்கும். தென்னைக்கு உதவிய சாதாளையைக் கழுவாமல் வெங்காயப் பாத்தியில் இடுவது தீங்காய் முடிவது இதனாலேயே. கோடையிற் கிணறு உவராகும் இடங்களில் இவ்விடர் மேலும் பெரிது. பாத்திக்குரிய கூட்டெருவில் இடுவதாயின், ஒரு மாரி முழுவதும் மழையில் நனைய விட்ட சாதாளையையே சேர்க்க வேண்டும்.

வீட்டிற் சாறு எடுக்க விரும்புவோர் 10 கிலோகிராம் பச்சைப் பாசியை நன்னீரில் மும்முறை அலசி, சிறு துண்டுகளாக வெட்டி, 20 லீற்றர் நன்னீருடன் பிளாத்திக்குப் பீப்பாவிலிட்டு நிழலில் வைக்க வேண்டும். மூடியை இறுக்கலாகாது, நாடோறும் ஒருமுறை கிளறி, மூன்று வாரத்தின் பின் துணியால் வடிக்கலாம். பீப்பாவைக் கிணற்றுக்கும் அயலார் வீட்டுக்கும் தூரத்தில் வைப்பது நன்று; நாற்றம் கடுமையானது. இவ்வாறு எடுத்த சாற்றின் வலு முறைக்கு முறை மாறும். ஆகவே ஒரு பங்குக்கு 20 பங்கு நீர் கலந்து, முதலிற் பத்துப் பயிர்களிற் தெளித்து மூன்று நாள் பார்த்து, இலைநுனி கருகாவிடின் மட்டும் தோட்டத்துக்குப் பயன்படுத்தல் வேண்டும்.

கரையொதுங்கியதை மட்டுமே எடுக்க வேண்டும். கடலினுள் நிற்கும் புல்லையும் பாசியையும் பிடுங்கினால், அங்கே வளரும் இறாற் குஞ்சும் மீன் குஞ்சும் தங்குமிடம் இழக்கும். தோட்டக்காரரின் ஆதாயம் கடற்றொழிலாளரின் நட்டமாதல் நியாயமன்று.

தோட்டத்திற் சோதித்தல்

அயற் தோட்டத்தில் நன்றாயிருந்தது என்ற பேச்சைக் கொண்டு போத்தல் வாங்குவது நம்மிடையே உள்ள வழக்கம். அயற் தோட்டத்தின் மண்ணும் எருவும் நீரும் வேறு. செம்பாட்டு நிலத்திற் கண்ட பலன் மணற்பாங்கான நிலத்திற் கிடைக்குமென்பதற்கு உறுதியில்லை. ஒரே நாளில், ஒரே விதை வெங்காயத்தை நட்ட எட்டுப் பாத்திகளைத் தெரிந்து, ஒன்றுவிட்டு ஒன்றாக நான்குக்குச் சாறும், ஏனைய நான்குக்கு ஒட்டுந் திரவம் கலந்த வெறும் நீரும் தெளிக்க வேண்டும். பசளையும் நீர்ப்பாய்ச்சலும் எட்டுக்கும் ஒன்றே. வாய்க்காலின் தலைப்பில் உள்ள பாத்திகளுக்கெல்லாம் சாறு, கடைப்பாத்திகளுக்கெல்லாம் நீர் என வைத்தால் நீரின் வேறுபாட்டையே சாற்றின் வேறுபாடாக எண்ண நேரிடும்.

கிண்டியபின் தாள் காய விட்டு, பாத்திவாரியாக நிறுத்து எழுதிக்கொள்க. சாறு தெளித்த நான்கும் தெளியாத நான்கையும் விட ஒன்று தவறாது கூடி நின்றால், மேலதிக வெங்காயத்தின் விலை, சாற்றின் விலையையும் மூன்று தெளிப்பின் கூலியையும் மிஞ்சுகிறதா எனக் கணக்கிட வேண்டும். இரண்டு பாத்தி கூடி இரண்டு பாத்தி குறைந்திருந்தால், அத்தோட்டத்துக்குச் சாறு வேண்டியதில்லை. அப்பணத்தை எருவுக்குச் செலவிடலாம். நிறுத்தெழுதிய கணக்கை அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டினால், அடுத்த போகத்துக்கு அளவைக் கூட்டுவதா குறைப்பதா என அவர் கூறுவார்.