ஜாவாஸ்கிரிப்டில் கணக்கு பிசகாமல் இருக்க 8 குறிப்புகள்

இணையப் பக்கத்தில் பில் தொகை, வட்டி, தவணை என்று எதைக் கணக்கிட்டாலும் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்டில்தான் எழுதுகிறோம். கணக்கு தப்பானாலும் அது பல நேரம் பிழைச் செய்தி காட்டாது. ஏதாவது ஒரு விடையைத் தந்துவிடும். எழுதுகிறவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

1. படிவத்துப் பெட்டியில் தட்டிய எண், நிரலுக்குள் எழுத்துச் சரமாகவே வரும். "5" + 3 என்று கூட்டினால் "53" கிடைக்கும். கழித்தால் மட்டும் 2 என்று சரியாக வருவதால் தவறு கண்ணில் படாது. கையில் வாங்கியதுமே 'நம்பர்' கொண்டு எண்ணாக மாற்றிவிடுங்கள்.

2. காலிப் பெட்டியை 'நம்பர்' 0 என்று எடுத்துக்கொள்ளும். ஏதாவது நிரப்பியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

3. "1,25,000" என்று காற்புள்ளியோடு வந்தால் 'பார்ஸ்இன்ட்' 1 என்று மட்டுமே படிக்கும். 'நம்பர்' கொடுத்தால் 'எண் அல்ல' என்று பொருள்படும் 'நேன்' வரும். காற்புள்ளிகளை நீக்கிவிட்டு மாற்றுங்கள். 'நேன்' தனக்குத்தானே சமமாகாது என்பதால், அதைக் கண்டுபிடிக்க 'நம்பர்.இஸ்நேன்' பயன்படுத்துங்கள்.

4. 0.1 + 0.2 கூட்டினால் 0.30000000000000004 வரும். 0.1 இரும முறையில் முடிவில்லாமல் நீளும்; 64 பிட்டுக்குள் அடங்க அதைத் தோராயமாகத்தான் வைக்க முடிகிறது. எனவே பணத்தைப் பைசாவாக, முழு எண்ணில் வைத்துக் கணக்கிடுங்கள். ரூபாயைப் பைசாவாக்கும்போதும் கவனம் தேவை: 19.99ஐ 100ஆல் பெருக்கினால் 1998.9999999999998 வரும். 'மேத்.ரவுண்ட்' போட்டால்தான் 1999.

5. 'டுஃபிக்ஸ்ட்' தருவது சரம். திரையில் காட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1.005ஐ இரண்டு தசமத்துக்குச் சுருக்கினால் "1.01" வராது, "1.00"தான் வரும்.

6. 9007199254740991ஐத் தாண்டிய முழு எண்களில் கடைசி இலக்கம் மாறிப்போகலாம். பெரிய எண்களில் கணக்குப் போட, 2020 முதல் மொழியில் இருக்கும் 'பிக்இன்ட்' உதவும். வங்கிக் கணக்கு எண், கைபேசி எண்ணைச் சரமாகவே வையுங்கள். எண்ணாக்கினால் முன்னால் உள்ள 0 காணாமல் போகும்.

7. 5, 10, 100 என்ற பட்டியலை வெறுமனே 'சார்ட்' செய்தால் 10, 100, 5 என்று எழுத்து வரிசையில் அடுக்கும். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்துச் சொல்லும் ஒப்பீட்டு ஃபங்ஷனையும் சேர்த்துக் கொடுங்கள்.

8. லட்சம், கோடிக்கு ஏற்றபடி காற்புள்ளி வைக்க நீங்களாக நிரல் எழுத வேண்டாம். 'டுலோக்கேல்ஸ்ட்ரிங்'கில் இந்திய அமைப்பைக் குறிப்பிட்டால் 1250000 என்பது 12,50,000 ஆகிவிடும்.

வெளியிடும் முன் காலிப் பெட்டி, காற்புள்ளி, பைசா, மிகப் பெரிய தொகை ஆகிய நான்கையும் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். அந்தக் கணக்கை நம்பிப் பணம் கட்டுகிறவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை அது.