மழைக்கு முன்னால் வண்டி ஸ்டிக்கர் வேலை: பேசின் பிரிட்ஜ் வட்டார வாகனக்காரர்கள் கவனத்துக்கு

புரட்டாசி வெயில் இருக்கும்போதே வண்டியின் ஸ்டிக்கர் வேலையை முடித்துவிடுங்கள். ஆயுத பூசை நெருங்கினால் பேசின் பிரிட்ஜ், ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்து ஸ்டிக்கர் கடைகளில் கூட்டம் நெரியும். அக்டோபர் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும். ஈரத் தகட்டில் அவசரமாக ஒட்டிய ஸ்டிக்கர், அடுத்த மழையிலேயே ஓரம் தூக்கிவிடும்.

முதல் செலவு ரேடியம் பட்டைக்கு

மழை இரவில், எண்ணூர் விரைவுச் சாலை ஓரம் நிற்கும் ட்ரெய்லரைப் பின்னால் வரும் பைக்காரருக்குக் காட்டிக்கொடுப்பது பிரதிபலிப்புப் பட்டைதான். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. ஏஐஎஸ் 090 தரக்குறி உள்ள பட்டையையே கேட்டு வாங்குங்கள். ராத்திரி வண்டிக்குப் பின்னால் 20 அடி தள்ளி நின்று, செல்போன் டார்ச்சைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். மங்கலாகத் தெரியும் இடத்தை முதலில் துடையுங்கள். துடைத்தும் மின்னாவிட்டால் உடனே மாற்றுங்கள். பெயரும் சாமி படமும் அதற்குப் பிறகு.

பழையதை உரிக்கும்போது

* பல வருட வெயிலில் காய்ந்த வினைல் துண்டு துண்டாக நொறுங்கும். ஹீட் கன்னாலோ ஹேர் டிரையராலோ இதமாகச் சூடு காட்டுங்கள். ஒரு முனையைத் தூக்கி, தகட்டை ஒட்டியபடியே சாய்த்து மெல்ல இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் ரீபெயின்ட் அடித்த இடத்தில் பெயின்டும் சேர்ந்து வந்துவிடும்.
* பிளேடால் சுரண்டாதீர்கள். கீறல் விழுந்த இடத்தில் கடல் காற்று துருவை ஏற்றிவிடும்.
* மிஞ்சிய பசைக்கு, ஹீட் கன்னை அணைத்துத் தகடு ஆறிய பிறகு, மண்ணெண்ணெய் நனைத்த துணியை வைத்து ஊறவிட்டுத் துடையுங்கள்; பின்பு சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். தின்னர் வேண்டாம், பெயின்டையே கரைத்துவிடும்.

புதிதாக ஒட்டும்போது

* நம் பக்கத்து வண்டிகளில் உப்பும், அனல்மின் நிலையச் சாம்பலும், டீசல் கரியும் படிந்திருக்கும். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாக உலரவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்த பிறகே ஒட்டுங்கள்.
* காலையில் நிழலில் ஒட்டுங்கள். உச்சி வெயிலில் கொதிக்கும் தகட்டில் பசை பட்டதும் பிடித்துக்கொள்ளும். நகர்த்தவும் முடியாது, காற்றுக் குமிழியும் போகாது.
* நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்குவீஜியால் தள்ளுங்கள். ரிவெட், வளைவு உள்ள இடங்களுக்கு காஸ்ட் வினைல் கேளுங்கள். மலிவான வினைல் நாளடைவில் சுருங்கி ஓரம் விடும்.
* புது பெயின்ட் அடித்திருந்தால் சில வாரம் பொறுங்கள். பெயின்டின் கரைப்பான் வெளியேறும்போது ஸ்டிக்கர் கொப்புளிக்கும்.
* ஒட்டி ஒரு நாளாவது வாட்டர் சர்வீஸ் வேண்டாம்.

அபராதம் வராமலிருக்க

நம்பர் பிளேட்டில் எண்ணைத் தவிர எதுவும் கூடாது. 2024 மே 2 முதல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை இதற்கு அபராதம் விதிக்கிறது: முதல் முறை ₹500, மறுபடி பிடிபட்டால் ₹1,500. கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012-லேயே தடுத்துவிட்டது. வண்டியின் நிறமே மாறும்படி முழுக்க ஒட்டுவதானால், ஆர்டிஓ அலுவலகத்தில் அனுமதி பெற்று ஆர்சி புத்தகத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

இந்த வாரமே ஒரு காலைப்பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். வேறு எதற்கும் நேரமில்லை என்றால், பின்பக்கச் சிவப்புப் பட்டையையாவது மாற்றிவிட்டு வண்டியை எடுங்கள்.