அனுபவம் இருக்கிறது, அழைப்பு ஏன் வருவதில்லை?

முப்பது வருடங்கள் ஹார்ட்வெயார் வியாபாரம் செய்த ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். எந்தப் பொருளை எப்போது வாங்குவது, யாருக்குக் கடன் கொடுப்பது, ஸ்டொக்கில் பணம் முடங்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மகன் கடையைப் பொறுப்பெடுத்த பின்னர், மற்ற வியாபாரிகளுக்கு ஆலோசகராக இருக்கலாம் என்று நினைக்கிறார். 'வர்த்தக ஆலோசகர்' என்று விசிட்டிங் கார்ட் அடிக்கிறார். ஆறு மாதங்கள் கழிந்தும் ஓர் அழைப்புக்கூட இல்லை. வழியில் கண்டால் மட்டும், "நானா, ஒரு சின்ன விசயம் கேக்கணும்" என்கிறார்கள். அது ஒரு பிளேன்டீயோடு முடிந்துவிடுகிறது.

இவரது அறிவில் குறையில்லை. அந்த அறிவு யாருக்கு, எந்தச் சிக்கலுக்கு உதவும் என்பது வெளியே தெரியவில்லை. இதே நிலை உலகப் புகழ் பெற்ற ஓர் ஆலோசகருக்கும் இருந்தது.

டெமிங் காத்திருந்த 30 வருடங்கள்

எட்வர்ட்ஸ் டெமிங் 1900இல் பிறந்த அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர். பொருளைச் செய்து முடித்த பின்னர் பழுதானவற்றைப் பொறுக்கி எடுப்பதில் பயனில்லை, செய்யும்போதே அளந்து பார்த்துப் பழுதின் காரணத்தை நீக்க வேண்டும் என்பது அவர் கற்பித்த பாடம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்கப் பொறியியலாளர்கள் பலர் இம்முறையைக் கற்றார்கள். யுத்தம் முடிந்ததும் அது கைவிடப்பட்டது. முடிவெடுக்கும் நிர்வாகிகளுக்கு அதன் பெறுமதி விளங்காததே காரணம் என்பதை டெமிங் உணர்ந்தார்.

1950இல் ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியியலாளர்கள் சங்கம் அவரை விரிவுரைகளுக்கு அழைத்தது. இம்முறை அவர் பொறியியலாளர்களோடு நின்றுவிடவில்லை. பெரிய கம்பனிகளின் தலைவர்களையும் சந்தித்துப் பேசினார். விரிவுரைகள் நூலாகி விற்றபோது தமக்குரிய பணத்தைச் சங்கத்துக்கே விட்டுக்கொடுத்தார். அப்பணத்தைக் கொண்டு 1951இல் 'டெமிங் பரிசு' ஏற்படுத்தப்பட்டது.

ஆனால் சொந்த நாட்டில் அவரை அறிந்த கம்பனித் தலைவர்கள் மிகச் சிலரே. 1980 ஜூனில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி, ஜப்பானால் முடிந்தது எம்மால் ஏன் முடியாது என்று கேட்கும் விவரணப் படமொன்றை ஒளிபரப்பியது. அதில் டெமிங் தோன்றினார். அவரை ஆலோசகராக அமர்த்திய நஷுவா கம்பனியின் தலைவரும் தோன்றித் தமக்குக் கிடைத்த பயனைச் சொன்னார். அதன் பின்னர் அழைப்புகள் குவிந்தன. போர்ட் மோட்டார் கம்பனியும் அவரைத் தேடி வந்தது. அப்போது அவருக்கு வயது சுமார் 80.

1950இல் இருந்த அறிவுதான் 1980இலும் இருந்தது. பயனடைந்தவர் வாய் திறந்ததும், தேவையுள்ளவர் அதைக் கேட்டதும்தான் புதிது.

நாம் செய்யக்கூடியவை

1. ஒரு சிக்கலைத் தெரிந்தெடுங்கள். 'வர்த்தக ஆலோசகர்' என்ற பெயர் எவர் மனதிலும் நிற்காது. 'ஹார்ட்வெயார் கடைகளில் முடங்கிய ஸ்டொக்கைப் பணமாக்க உதவுபவர்' என்றால், அந்தக் கஷ்டம் உள்ளவருக்கு உங்கள் ஞாபகம் வரும்.

2. முடிவெடுப்பவரோடு பேசுங்கள். மனேஜருக்கு உங்கள் யோசனை பிடிக்கலாம். பணம் கொடுப்பதும் மாற்றத்துக்குச் சம்மதிப்பதும் முதலாளிதான்.

3. கொடுங்கள், ஆனால் எல்லை வையுங்கள். வர்த்தக சங்கக் கூட்டத்தில் அரை மணித்தியாலம் பேசுங்கள். பெட்டி வந்த திகதியை அதன் மேலேயே எழுதுவது, ஆறு மாதம் அசையாத பொருட்களுக்குத் தனிப் பட்டியல் வைப்பது போன்றவற்றைத் தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். ஒருவரின் கடைக்குச் சென்று அவரது கணக்கைப் பார்ப்பது தனி வேலை. அதற்குரிய கட்டணத்தை வேலை தொடங்கும் முன்னரே சொல்லிவிடுங்கள்.

4. பயனை எண்ணில் எழுதி வையுங்கள். தொடங்கும்போது அசையாமல் கிடந்த பொருட்களின் பெறுமதி என்ன, மூன்று மாதங்களின் பின்னர் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரரின் அனுமதியோடு மட்டுமே அதை வெளியில் சொல்லுங்கள். ஒரு கடையின் கணக்கை இன்னொரு கடையில் பேசுபவரை எவரும் உள்ளே எடுக்கமாட்டார்கள்.

5. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். வற் வரி பற்றிக் கேட்டால் கணக்காளரிடமும், பங்கு வியாபார ஒப்பந்தம் பற்றிக் கேட்டால் சட்டத்தரணியிடமும் அனுப்புங்கள். நீங்கள் தெரியும் என்று சொல்வதை அதன் பிறகு தயங்காமல் நம்புவார்கள்.

இந்த வாரப் பயிற்சி

ஒரு தாளில் மூன்று வரிகள் எழுதுங்கள். நான் யாருக்கு உதவ முடியும்? அவரது எந்தச் சிக்கலைத் தீர்க்க முடியும்? இதுவரை யாருக்குத் தீர்த்துக் கொடுத்திருக்கிறேன்? மூன்றாவது வரி வெறுமையாக இருந்தால் கார்ட் அடிக்க அவசரப்பட வேண்டாம். தெரிந்த ஒரு கடையைத் தெரிவு செய்து, குறைந்த கட்டணத்தில் அந்த வேலையை முழுமையாகச் செய்து கொடுங்கள். அந்த முதலாளி தன் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லும் ஒரு வார்த்தை, நூறு கார்ட்டுகளை விடத் தூரம் போகும்.